டயரின் உள்ளோரம்

சிறுவாச்சூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கைமாறி வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினாராம். புது டயர் மாட்டி 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் அப்படியே இருக்கிறது. பஞ்சர் ஒட்டுபவர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டபோதுதான் பின் டயர் இரண்டிலும் உள்ளோரத்தில் கம்பி தெரிந்திருக்கிறது. அலைன்மென்ட் பார்த்த கடைக்காரரோ, கம்ப்யூட்டர் தாளை நீட்டி, "எல்லாம் பச்சைதான் சார்" என்கிறார். டயர் மட்டமா, கடைக்காரர் புளுகுகிறாரா என்று கேட்கிறார் வாசகர்.

இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். டயரைத் திட்டும் உரிமை அவர் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து திருச்சி பக்கம் சற்றுப் போனால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை, 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் டயர்கள் இன்று அவர் வீட்டுப் பக்கத்திலேயே வார்க்கப்படுகின்றன. ரப்பர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அதை எந்தக் கோணத்தில் தரையில் நிறுத்துகிறோம் என்பதில்தான் வம்பு.

காற்று குறைந்தால் இரு ஓரமும் தேயும், கூடினால் நடுப்பகுதி தேயும் என்பதும், பாலன்சிங் வேறு அலைன்மென்ட் வேறு என்பதும் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நேராகக் கேம்பருக்கு வருகிறேன்.

சக்கரம் செங்குத்தாக நிற்காமல் மேல்பக்கம் வண்டியை நோக்கிச் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். சாதாரணக் கார்களில் இது கண்ணில் படாது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் பின்சக்கரம் ஒன்றரை, இரண்டு டிகிரி சாய்ந்தே தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. வேகமாகத் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சரியும். எடையில் பெரும்பங்கு வெளிச்சக்கரத்தின் மேல் இறங்கும். அந்தச் சக்கரமும் கூடவே சரிந்து, வெளி ஓரத்தை மட்டும் தரையில் ஊன்றப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் வளைவில் அது நிமிர்ந்து, முழு அகலத்தையும் தரையில் பதிக்கும். ஆக, அந்தச் சாய்வு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கானது. நம் வாசகர் ஓட்டுவதோ திருச்சி–சென்னை நால்வழிச்சாலையில். அங்கே சக்கரம் நிமிர வேண்டிய அவசியமே வருவதில்லை. போகும் தூரமெல்லாம் உள்ளோரம்தான் சுமை தாங்குகிறது.

பிடிப்பு வேண்டும் என்று கேம்பரை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 2011 பெல்ஜியம் ஃபார்முலா 1 கிராண்ட் ப்ரீ சாட்சி. ஸ்பா தடத்தில் ரெட்புல் அணி, டயர் தரும் பிரெல்லி நிறுவனம் பரிந்துரைத்த அளவைத் தாண்டி முன்சக்கரங்களைச் சாய்த்திருந்தது. தகுதிச்சுற்று முடிந்து பார்த்தால் முன் டயர்களின் உள்ளோரம் கொப்பளித்திருந்தது. அந்த அணியின் வெட்டல் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். அணிக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைத்த பந்தயம் அது.

இவ்வளவு சொன்ன பிறகும் பழி முழுவதையும் கேம்பர் மேல் போட எனக்கு மனமில்லை. தனியே விட்டால் அது டயரை மெதுவாகத்தான் தின்னும். அரைத்துத் தள்ளுவது டோ. மேலிருந்து பார்க்கும்போது ஒரு ஜோடிச் சக்கரங்கள் முன்பக்கம் நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கும் கணக்கு ஒன்று இங்கேதான் இருக்கிறது. டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டோ மொத்தம் 3 மில்லிமீட்டர் பிசகியிருக்கிறது; சக்கரத்துக்கு ஒன்றரை. 600க்கு ஒன்றரை என்றால் 400க்கு 1. சக்கரம் 400 மீட்டர் உருளும்போது 1 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சிறுவாச்சூரிலிருந்து திருச்சிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு சக்கரமும் 125 மீட்டர் குறுக்கே இழுக்கப்பட்டிருக்கும். வாசகரின் 12,000 கிலோமீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 30 கிலோமீட்டர்! ரப்பர் வளைந்து கொடுப்பதால் அத்தனையும் தேய்மானமாக மாறிவிடாது. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றரை மில்லிமீட்டர் செய்யும் வேலை இது. கேம்பர் எடையை உள்ளோரத்தில் குவித்துக் கொடுக்க, டோ அதை அங்கேயே வைத்துத் தேய்க்கிறது. ஒன்றுக்கொன்று துணை.

டோ பிசகியிருப்பதை உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். டயரின் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். கெண்டை மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் செதில் குத்தும், அடுப்படியில் நாம் எல்லோரும் அறிந்ததுதான். அதைப் போல ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கூர்மையும் தட்டினால் டோ சரியில்லை. கம்பி தெரியும் இடத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.

அப்படியானால் அந்தப் பச்சைத் தாள்? அது பொய் சொல்லவில்லை. நிற்கிற காரை அளந்தது. டயர் தேய்வதோ ஓடுகிற காரில். பின்சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆர்ம்களின் முனையில் ரப்பர் புஷ்கள் இருக்கும். வயதான காரில் அவை வெடித்து, தளர்ந்து போயிருக்கும். மேடையில் அசையாமல் நிற்கும்போது சக்கரம் நல்ல பிள்ளையாக இருக்கும். பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் திரும்பும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் போதாது. வண்டியைத் தூக்கி, ஆர்முக்கு இடையில் கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்க்கும் மெக்கானிக் வேண்டும். பந்தயக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கார் பிட்டுக்குள் வந்த கையோடு டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் சூட்டை அளப்பார்கள். எந்த ஓரம் அதிகம் உழைத்தது என்று ஓடி முடித்த டயரே சொல்லிவிடும்.

நம்மிடம் அந்த அக்கறை இல்லை. பல லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு முதலில் செய்கிற வேலை, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு இறக்குவது. இறக்கினால் பெரும்பாலான கார்களில் கேம்பர் கூடும், டோவும் நகரும். ஆனால் இறக்கிய கையோடு அலைன்மென்ட் பார்ப்பவர் குறைவு. சட்டம் காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் கேட்கிறது, அதைக் காட்ட டயரின் பள்ளத்திலேயே சிறு மேடு வைத்திருக்கிறார்கள். நாம் வெளிப்பக்க மேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திறக்கும் திங்களிலும் வெள்ளியிலும் வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கக் குனிகிறோமே, குனிந்த வாக்கில் உள்ளோரத்தையும் ஒரு பார்வை பார்த்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். கம்பி தெரியும் டயர் நால்வழிச்சாலை வேகத்தில் வெடித்தால் அடுத்த வண்டியில் வருகிறவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

வாசகருக்கு: முதலில் புஷ், பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்ததை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது காசுக்குக் கேடு. பிறகு பின்சக்கரத்தில் தொடங்கி முன்சக்கரத்துக்கு வரச் சொல்லுங்கள். சின்னக் கார்களில் பழகிய கடைகள் முன் டோவை மட்டும் திருகிவிட்டு அனுப்பிவிடும். உங்கள் காரில் வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பின்சக்கரங்களும் தீர்மானிக்கின்றன. நெடுஞ்சாலையில்தான் ஓட்டம் என்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் மிகக் குறைந்த கேம்பரில் வைக்கச் சொல்லலாம்.

முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தில் டயர் இருக்கும் காரில் முன்னதைப் பின்னே மாற்ற வழியில்லை. ஆனால் சுழலும் திசைக்கு அம்புக்குறி மட்டும் போட்ட டயர் என்றால் ஒரு வித்தை உண்டு. இடது டயரையும் வலது டயரையும் ரிம்மிலிருந்து கழற்றி, பக்கம் மாற்றி ஏற்றினால் அம்பு சரியாகவே இருக்கும், தேய்ந்த உள்ளோரம் வெளியோரமாகிவிடும். பக்கச்சுவரில் ‘அவுட்சைட்’ என்று அச்சிட்ட டயரில் இது நடக்காது. கம்பி தெரிந்துவிட்ட டயருக்கும் உதவாது, அவை இரண்டையும் உடனே கழற்றிவிடுங்கள்; அடுத்த ஜோடி பாதி தேய்ந்திருக்கும்போது செய்து பாருங்கள்.