மாறச் சொல்வதற்கு முன்னால்

“இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர், பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்பார்கள். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கு அந்தக் கேள்வி எரிகிற நெருப்பில் எண்ணெய். உணர்ச்சி அவருக்குச் சட்டென்று ஏறும், அடங்க வெகுநேரமாகும். தோழி போனை எடுக்கவில்லையென்றால் கைவிட்டுவிட்டாள் என்றே தோன்றும். தாங்க முடியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்பவர்களும் உண்டு.

இவர்களுக்கென டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை, சுருக்கமாக டி.பி.டி.யை, உருவாக்கியவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன். ‘மாறு’ என்று வற்புறுத்தினால், தங்களைக் குறை சொல்வதாக நோயாளிகள் கொதித்தார்கள். வெறும் ஆறுதல் சொன்னாலோ, வேதனை அப்படியே இருந்தது. அதனால் ‘உன் வலி நிஜம்’, ‘நீ மாறவும் வேண்டும்’ என்ற இரண்டையும் சேர்த்தே பிடித்தார். ஏற்றுக்கொள்ளும் பயிற்சியை ஜென் மரபிலிருந்து எடுத்தார். 1991இல் வெளியான அவருடைய ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. பாதியில் விட்டுப்போனவர்களும் குறைவு. 2011இல்தான் அவர் தன் கதையைப் பொதுவில் சொன்னார்: 1961இல், 17 வயதில், ஹார்ட்ஃபோர்டு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டபடி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் அவர்.

டி.பி.டி.யில் வாரம் ஒருமுறை தனி அமர்வு. இன்னொரு நாள் குழு வகுப்பு, அதற்கு வீட்டுப்பாடமும் உண்டு. அன்றன்றைய உணர்ச்சியை ஓர் அட்டையில் குறித்துவர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது போன் விதி. மனம் கொதிக்கும்போதே சிகிச்சையாளரை அழைக்கலாம். காயப்படுத்திக்கொண்ட பிறகு அழைத்தால், உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொள்வார்; அடுத்த 24 மணி நேரத்துக்குக் கூடுதல் பேச்சு கிடையாது. கறாரான விதிதான். ஆனால் உதவியை முன்கூட்டியே கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

கொதிப்பைத் தணிக்கச் சொல்லித்தரும் உத்திகளில் ஒன்று, மூச்சைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம் முகத்தை வைப்பது. இதயத் துடிப்பு குறையும். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

டி.பி.டி. மாயமருந்தல்ல, பெரும்பாலும் ஓராண்டு பிடிக்கும். எல்லா ஆளுமைக் கோளாறுகளுக்கும் இதே பலன் என்று சொல்லவும் முடியாது. வீட்டிலிருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாதிக்கப்பட்டவர் செய்ததைச் சரி என்று சொல்ல வேண்டாம். வலிக்கிறது என்கிறபோது நம்புங்கள். அவசரமென்றால் இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.