பாவையும் நடிகரும்

சித்திரத்தில் கண்டு மகிழ்ந்த கதையை, மெய்யுருவங்களே நடிப்பதுபோல் மீண்டும் படமாக்கினால், இரண்டில் எது சிறந்தது? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவள் என் பேத்தி. ‘லயன் கிங்’ என்னும் சித்திரப்படம் 1994-இல் வெளிவந்தது. அக்கதையே 2019-இல் புதிதாக எடுக்கப்பட்டது. சென்ற விடுமுறையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டோம். புதிய படத்தில் தந்தைச் சிங்கம் இறந்து கிடக்கும் காட்சி வந்தது. “தாத்தா, இந்தக் குட்டிக்கு வருத்தமே இல்லையா?” என்று அவள் கேட்டாள்.

குழந்தை கண்டது உண்மையே. புதிய படத்தில் பிடரி மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசைகின்றது. ஆனால் மெய்யான சிங்கம் மனிதரைப்போல் புருவம் நெரிக்காது, உதடு துடிக்காது. பழைய ஓவியர்கள் சிங்கத்துக்கு மனித முகத்தின் துயரத்தைக் கொடுத்தார்கள். புதியவர்கள் இயற்கையின் எல்லைக்குள் நின்றார்கள். இத்தனைக்கும் அந்தப் படமும் கணினியில் ஆக்கப்பட்டதே. காமிராவால் பிடித்த காட்சி, தொடக்கத்தில் வரும் சூரியோதயம் ஒன்றே. மெய்போல் தோன்றுவது வேறு. மெய்ப்பாடு வேறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வகை ஒப்பீடு நம் தாமிரபரணிக் கரைக்குப் புதியதன்று. சேரன்மகாதேவிக்கு அருகில் ஒரு சிற்றூரில் நான் வளர்ந்தேன். பிசான அறுவடை முடிந்து களம் ஒழிந்ததும் தோல்பாவைக் கூத்தர் வருவர். அவர்கள் வீட்டில் மராட்டி பேசி, திரைக்குப் பின்னே தமிழ் பேசும் குடும்பத்தினர். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவாக வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டியவை அப்பாவைகள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் அவற்றைப் பிடித்தால், வண்ணமும் துளைவழி வரும் ஒளியும் ஒன்றாகித் திரையில் உயிர் பெறும். இராமன், சீதை, இராவணன், நகைச்சுவைக்கு உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என எல்லோருக்கும் குரல் கொடுப்பவர் ஒருவரே. இராம கதை நாள்தோறும் தொடர்ந்து பட்டாபிஷேகத்தில் நிறைவுறும்.

பின்னர், ஊருக்கு வந்த டூரிங் கொட்டகையில் ‘சம்பூர்ண ராமாயணம்’ கண்டேன். 1958-இல் கே. சோமுவின் இயக்கத்தில் வெளிவந்த படம் அது. என். டி. ராமராவ் இராமனாகவும், சிவாஜி கணேசன் பரதனாகவும், டி. கே. பகவதி இராவணனாகவும் நடித்தனர். முதல்நாள் போரில் அனைத்தையும் இழந்து இராவணன் திரும்பும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். திரைப்படத்தில் பகவதியின் முகமும் சி. எஸ். ஜெயராமனின் பாட்டும் அவமானத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. கூத்திலோ பாவையின் முகம் மாறுவதில்லை. தோலில் தீட்டிய மீசை அப்படியே முறுக்கி நிற்கும். கூத்தரின் குரல் மட்டும் தழுதழுக்கும். அந்தக் குரலைக் கேட்டு, மாறாத முகத்தில் துயரத்தை எழுதிக்கொண்டவர்கள், களத்தில் அமர்ந்திருந்த நாங்களே. நடிகர் தம் முகத்தால் செய்த வேலையைப் பாவை எங்களிடம் விட்டுவிட்டது. இரண்டும் கலையே, வழிகள் வேறு.

ஜாவாத் தீவினர் இதை நன்கு உணர்ந்தவர்கள். அங்கே ‘வாயாங் குலித்’ என்பது தோல்பாவை நிழற்கூத்து. ‘வாயாங் வோங்’ என்பது அக்கதைகளை மனிதரே ஆடும் கூத்து. அந்த நடிகர்கள் பாவையின் நிற்றலையும் கையசைவையும் பயின்று ஆடுகின்றனர். பாவையிடம் மனிதன் மாணவனாகிவிட்டான்! மூலத்தை மீண்டும் ஆக்குவோர் அதன் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அதன் கலைநெறியையும் கற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும், இரு மூலங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. புதிய ‘லயன் கிங்’ எப்படி அமைந்தாலும், 1994-ஆம் ஆண்டுப் படம் அப்படியே இருக்கின்றது. என் பேத்தி விரும்பியபோது காணலாம். பாவைக் கூத்து அவ்வாறு பெட்டிக்குள் உறங்கிக் காத்திருப்பதன்று. பெட்டியில் இருப்பது தோல். கூத்து இருப்பது ஒருவர் கையிலும் தொண்டையிலும்.

இதை அறியாமல் நானும் ஒரு பிழை செய்தேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, முதிய கூத்தர் ஒருவர் பள்ளியில் ஆட அனுமதி கேட்டு வந்தார். “இக்காலப் பிள்ளைகள் சினிமா பார்ப்பவர்கள், இதை விரும்பமாட்டார்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சென்றார். பிள்ளைகளைக் கேளாமலே அவர்களுக்காக நான் தீர்ப்புச் சொன்னேன். அவர் மீண்டும் வரவில்லை.

மாணவர்களே, புதியதைக் காணுங்கள், குறையேதும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுமுன் இரண்டையும் கண்டிருக்க வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் பாவைக் கூத்து நடக்கிறதென்று கேள்விப்பட்டால், சென்று முன்வரிசையில் அமருங்கள். காண்பார் இருக்கும்வரையே பாவைக்கு உயிர் உண்டு.