ஒடித்து நட்டால் வளரும் பவளம்

தூத்துக்குடிக்கு எதிரே, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலடியில் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள். சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காக இதே பவளத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தோம்.

முருங்கைப் போத்தை நடுவதுபோலத்தான். ஆனால் பவளம் செடியல்ல. ஒரு கிளையில் நூற்றுக்கணக்கான பாலிப்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாயும் வயிறும் உணர்கொம்புகளும் கொண்ட முழு விலங்கு. ஆகவே ஒடிந்த துண்டும் பிழைக்கும்.

நடப்போகும் துண்டு எந்த வகைப் பவளம் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. திசுவுக்குள் வாழும் நுண்பாசியும் வெளிச்சமும் நிறத்தை மாற்றிவிடும். நீரோட்டம் உருவத்தையே மாற்றும். பாலிப் உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்புக் கிண்ணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பதே வழி. கிளை நுனியில் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒற்றைக் கிண்ணம் தெரிந்தால் அக்ரோபோரா. மோன்டிபோராவுக்கு அப்படி ஒன்று கிடையாது. சிறு குழிகளும் இடையே மேடுகளும் மட்டுமே. கிளை முழுக்க மருமருவாக இருந்தால் போசிலோபோரா. நெருக்கியடித்த மிகச் சிறு கிண்ணங்களுடன் உருண்டுகிடப்பது பெரும்பாலும் போரைட்டஸ்.

நட்ட துண்டு அசையவே கூடாது. அசைந்தால் திசு உரசி உரசி ஒட்டுவதற்குள் செத்துவிடும். முதலில் வெட்டுக்காயத்தைத் திசு மூடும், பிறகு அடிப்பரப்பில் படரும். கிளை மேலெழுவது அதற்குப் பிறகுதான். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும் இந்த நாட்களில்தான் பாசியும் வண்டலும் மூடாமல் காக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இதை வீட்டுத் தொட்டியில் செய்கிறார்கள். உப்புக் கலவையும் சுத்திகரித்த நீரும் இருந்தால் கடலே இல்லாத பாலக்காட்டிலும் இடுக்கியிலும்கூட முடியும்தான். ஆனால் 2001 முதல் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் பவளத்தை வாங்காதீர்கள்.

அக்ரோபோரா ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. வளரும் என்பதால் நடுபவர்களுக்கு அதன்மேல்தான் ஆசை. ஆனால் கடல் சூடேறினால் முதலில் வெளிறுவதும் பெரும்பாலும் அதுதான். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா அந்தச் சூட்டைக் கண்டது. போரைட்டஸ் போன்ற உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடிக்கும், வளர்ச்சியோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அவற்றை நகக்கண் அளவுக்கு நறுக்கி அருகருகே ஒட்டினால் வேகமாகப் படர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன என்று அமெரிக்காவின் புளோரிடாவில் டேவிட் வான் கண்டறிந்தார். நம் கடலில் இனி நடுவதில் உருண்டைப் பவளங்களுக்குப் பெரும்பங்கு தரலாம் என்பது என் கருத்து.