பன்றிக்குட்டியின் குடலும் அதன் பருவங்களும்

கூரம் வட்டாரத்தில் நெசவுடனோ பயிர்த்தொழிலுடனோ பன்றி வளர்ப்பையும் துணைத் தொழிலாக மேற்கொள்ள எண்ணும் அங்கத்தினர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். பிறந்த குட்டிகள் யாவும் விற்பனைக்கு வந்து சேர்வதில்லை. பிறந்த முதற் சில நாட்களும், பால் மறந்த பின் வரும் இரு வாரங்களும் ஆபத்தான காலங்கள். அப்பருவங்களில் குட்டியின் குடல் எந்நிலையில் உள்ளது என்பதை உணர்ந்து நடந்தால் நஷ்டத்தைக் குறைக்கலாம்.

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அன்று. டர்க்கித் துண்டின்மேல் நூல் வளையங்கள் நெருங்கி நிற்பதுபோல், அதன்மேல் நுண்ணிய குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. சத்தை உடலுக்குள் ஏற்பவை இவையே. இவற்றின் அடியிலுள்ள குழிகளில் புதிய செல்கள் தோன்றி மேலேறி, நுனியில் உதிர்ந்து விடுகின்றன. பிறந்த குட்டியில் இப்புதுப்பித்தலுக்கு 7 முதல் 10 நாட்கள் ஆகும். மூன்று வாரக் குட்டியில் 2 முதல் 4 நாட்களே போதும்.

முதல் நாள்: பன்றிக்குட்டி தாயின் கருப்பையில் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெறுவதில்லை, சீம்பாலிலிருந்தே பெறுகிறது. பிறந்தவுடன் குடற்சுவர் அச்சத்தைச் சிதைக்காமல் அப்படியே உட்கொள்ளும். சுமார் 24 முதல் 36 மணி நேரத்தில் அவ்வழி அடைபட்டு விடும். அதன்பின் எவ்வளவு சீம்பால் ஊட்டினும் அந்தப் பயன் கிட்டாது.

பால் பருவம்: பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி பிறப்பிலேயே மிகுந்து, பின்னர் குறைகிறது. மாவுப்பொருளையும் கரும்புச் சர்க்கரையையும் செரிக்கும் நொதிகளோ தொடக்கத்தில் மிகக் குறைவு. வாரங்கள் செல்லச் செல்லவே பெருகுகின்றன.

பால் மறத்தல்: மூன்று வாரத்தில் தாயைப் பிரித்த குட்டிகளை ஆராய்ந்ததில், ஐந்து நாட்களுக்குள் குடலுறிஞ்சிகளின் உயரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. பிரிந்த குட்டி ஓரிரு நாள் சரிவர உண்ணாமையே இதற்கு முக்கிய காரணம். செரியாது தங்கும் உணவு கழிச்சலுக்கு இடமளிக்கிறது. காஞ்சிபுரம் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் எஞ்சும் சோறு மலிவாகக் கிடைப்பினும், அதனை நன்கு கொதிக்கவைத்து வளர்ந்த பன்றிகளுக்கே இடுக. பால் மறந்த குட்டிக்கு அது ஏற்றதன்று.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை:

1. பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் நலிந்த குட்டியையும் தாய்மடியில் சேர்க்கவும்.

2. இரண்டாம், மூன்றாம் வாரத்திலிருந்தே எளிதில் செரிக்கும் குட்டித்தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கவும்.

3. பணத்தேவையை முன்னிட்டு அவசரமாகக் குட்டிகளைப் பிரித்து விற்கவேண்டாம். எட்டு வாரம் தாயுடன் விடுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம்.

4. பிரித்தபின் கதகதப்பான உலர்ந்த இடமும், தூய நீரும், முன்பு பழகிய அதே தீவனமும் அளிக்கவும். கழிச்சல் கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அணுகவும்.

செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்ப்பு பற்றிய ஆலோசனை பெறலாம். குட்டி வாங்குமுன் அங்கு ஒருமுறை சென்று வருவது முதலுக்குக் காப்பாகும்.