மண் தெரு சாலையாகும் விதம்

கோவில்பட்டி, விருதுநகர் முதலிய கரிசல் பூமியின் ஊர்களில், நேற்றுவரை பருத்தி விளைந்த நிலம் இன்று மனையாகி, மனையில் வீடெழும்பி, பெயரளவில் ‘நகர்’ ஆகிவிட்ட புறத்தெருக்களில், ஐப்பசி அடைமழைக்குப் பின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் அம்மண்ணின் சுபாவத்தை நன்கு அறிவார்கள். ஈரம் பட்டால் உப்பி இளகுவதும், கோடையில் விரல் நுழையுமளவு வெடிப்பதுமான அந்தக் கரிசலின்மேல் தாரை ஊற்றிவிட்டால் சாலையாகிவிடும் என்று எண்ணுவது சகஜமே. ஆயினும், சாலை போடும் வித்தையில் முக்கால் பங்கு தாருக்குக் கீழேதான் நடக்கிறது.

வாகனத்தின் பாரத்தை முடிவில் சுமப்பது அடியில் கிடக்கும் மண்ணே என்பதையும், அம்மண் உலர்ந்திருக்கும்வரை எத்தகைய பாரத்தையும் தாங்கும், நனைந்தால் தாங்காது என்பதையும் வற்புறுத்தியவர், ஸ்காட்லாந்தில் பிறந்து 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் கண்காணிப்பாளராக அமர்ந்த ஜான் லௌடன் மக்காடம். பிறர் பெருங்கற்களை அஸ்திவாரமாக அடுக்கிக்கொண்டிருக்க, அவரோ 6 அவுன்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய 170 கிராமுக்கு, மேற்பட்ட கல்லே கூடாதென்று விதித்தார். உடைத்த சிறுகற்களின் மூலைகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று மாட்டிக்கொண்டு, நீர் எளிதில் இறங்காத ஒரே தளமாக இறுகும் என்பது அவர் சித்தாந்தம். அவர் சாலைகளில் தாரே இல்லை. தார் கலந்த கல் தளத்துக்கு எட்கர் ஹூலி என்பவர் காப்புரிமை பெற்றது 1902-இல்தான்.

இன்று நம் தெருவுக்கு வருபவர்கள், முதலில் பொக்லைனால் கரிசலை வெட்டியெடுத்துவிட்டு, அவ்விடத்தில் கிராவலைக் கொட்டி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் பெருஞ்சல்லியைப் பரப்ப வேண்டும். ரோலர் ஓட்டுவதிலும் ஒரு கிரமம் உண்டு. ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி வரவேண்டுமேயன்றி நடுவில் தொடங்கலாகாது. தொடங்கினால் கற்கள் இருபுறமும் ஒதுங்கி, சாலையின் முதுகு தட்டையாகிவிடும். சல்லி போதிய அளவு இறுகிற்றா என்று அறிய விரும்பும் அனுபவசாலியான மேஸ்திரி, ஒரு கல்லை எடுத்து ரோலர் சக்கரத்தின் முன்னே போடுவார். அது தளத்துக்குள் அமிழ்ந்தால் இன்னும் ஓட்ட வேண்டும். அமிழாமல் நொறுங்கித் தூளானால் போதும். எந்தக் கருவியும் வேண்டாத இந்தப் பரீட்சையை வீட்டு வாசலில் நின்றபடியே எவரும் பார்க்கலாம். பார்ப்பதும் நல்லது, ஒப்பந்தக்காரருக்கும் சற்று நினைவிருக்கும். பின்னர், சல்லியின் சந்துகளில் பொடிக்கல் தூவி, நீர் விட்டு மறுபடியும் உருட்டுவார்கள்.

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கரிய கசடே இன்று சாலைக்கு வரும் தார். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிறுசல்லியோடு கலந்து, சூடு ஆறுமுன் பரப்பி உருட்டியாக வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான சல்லியின்மேல் தூவி, அது உருகிப் படிந்தபின் தாரைச் சேர்க்கும் முறையைக் கண்டு, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அம்முறையின் விசேஷமும் கல்லுக்கும் தாருக்கும் இடையே நீரைப் புகவிடாமையே.

மீட்டருக்கு இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் வீதம் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு கொடுப்பதும் மழைநீரை ஓட்டுவதற்காகத்தான். ஓரத்துக்கு வந்த நீர் பிறகு எங்கே போகும் என்ற கேள்வியைத்தான் நம் ஊர்களில் எவரும் கேட்பதில்லை. வடிகால் இல்லையேல் அந்நீர் ஓரத்திலேயே தேங்கி, அடிமண்ணை ஊறவைத்து, இரண்டு மழைக்காலத்துக்குள் சாலையைக் குழிகளாக்கிவிடும். பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் போடும் வழக்கமோ தெருவை உயர்த்தி, மழைநீரை வீட்டுக்குள் அனுப்புகிறது; பழையதைச் சுரண்டியெடுத்த பின்னரே புதியது போடவேண்டுமென்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியும் இருக்கிறது. தார் போட்ட மறுமாதமே குடிநீர்க் குழாய்க்காக அதைக் குறுக்கே வெட்டும் கூத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே, தெருவுக்குச் சாலை வேண்டி நகராட்சிக்கு மனு எழுதும் அன்பர்கள், வடிகாலையும் குழாயையும் பாதாளச் சாக்கடையையும் முதல் வரியில் கேட்டு, தாரைக் கடைசி வரியில் கேட்பார்களாக.