நரம்பு வலி மாத்திரையும் காது இரைச்சலும்

பாதம் எரிகிறது, ஊசி குத்துவது போல் இருக்கிறது என்று டாக்டரிடம் போகும் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகமாக எழுதிக் கொடுக்கப்படுபவை ப்ரீகாபலின், காபாபென்டின் ஆகிய இரண்டும்தான். அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும் இவற்றையே தருகிறார்கள். இந்தியாவில் இவை மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு சேர்ந்தும் வருவதால், 'நரம்புச் சத்து மாத்திரை' என்றே பல வீடுகளில் நினைத்துக் கொள்கிறோம். அது சரியல்ல. இவை வலிப்பு நோய்க்கும் தரப்படும் மருந்துகள். அளவுக்கு மீறித் துடிக்கும் நரம்புகளை அடக்குவதே இவற்றின் வேலை.

காதில் விழும் ஒலியை மூளைக்குக் கொண்டு செல்வதும் நரம்புதானே! ஆகவே சிலருக்கு அங்கேயும் இதன் தாக்கம் தெரிகிறது. தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும்தான் அதிகம் காணப்படுபவை. காதுக்குள் 'ங்ங்ங்' என்ற இரைச்சல், சாதாரணச் சத்தம்கூட உறைப்பாகக் கேட்பது போன்றவை குறைவு. காது கேட்பதே குறைவது மிக அரிது. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் மாத்திரைகளிலும் காது இரைச்சல் பக்கவிளைவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.

முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலிக்குத் தரப்படும் கார்பமசெபின் விஷயம் விசித்திரமானது. அரிதாகச் சிலருக்கு எல்லா ஒலியும் அரைச் சுருதி இறங்கிக் கேட்கும். இதுபற்றிய மருத்துவக் குறிப்புகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை. கண்டுபிடித்துச் சொன்னவர்களில் பலர் இசை பயின்றவர்கள். மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நம்மில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால், மோதினாரின் குரல் கனத்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவோம்!

அதிகம் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். ப்ரீகாபலினும் காபாபென்டினும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் மருந்து உடலில் தேங்கும். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குக் காபாபென்டினால் இரு காதும் கேட்காமல் போய், பிறகு திரும்பியதாக மருத்துவக் குறிப்பு உண்டு. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எனவே இந்த மாத்திரையை எழுதும்போது கிரியேட்டினின் அளவை டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

ஆனால், இரைச்சல் வந்ததுமே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை வரலாம். வலிப்பு வரும் அபாயமும் உண்டு. டாக்டர் சொல்லும்படி, குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரைச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முன் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டதா என்று குறித்துச் செல்வது டாக்டருக்குப் பெரிய உதவி. ஆஸ்பிரின், ஃப்யூரோசிமைடு, அமிகாசின் ஊசி போன்றவையும் காதைப் பாதிக்கக்கூடும். சர்க்கரையே செவித்திறனைக் குறைக்கும். சில நேரம் வெறும் காது அழுக்காகவும் இருக்கும்.

ரமளானில் இன்னொரு சிக்கல். மூன்று வேளை காபாபென்டின் சாப்பிடுபவர்கள் பகல் வேளை மாத்திரையையும் ஸஹரில் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் மாத்திரை மேலும் வயது மேலும் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.