குளிர் நுழையாத ஏழை வீடுகள்!

நார்விச் நகரசபை கட்டிய அதிசயத் தெரு

கணப்பு போடுவதா? குழந்தைக்குச் சாப்பாடு வாங்குவதா?

குளிர்காலம் வந்தால், இங்கிலாந்தில் ஏழைத் தாய்மார்களுக்கு இந்தக் கவலை வந்துவிடும். வீட்டைச் சூடாக வைத்தால்தான் அங்கே இரவில் தூங்க முடியும். அதற்குக் கியாசோ மின்சாரமோ வேண்டும்.

2022-ல் உக்ரைன் போர் மூண்டது. ஏற்கனவே ஏறியிருந்த கியாஸ் விலை இன்னும் ஏறியது. பலர் கணப்பை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். குளிர்ந்த சுவரில் ஈரம் கோத்தது. பூஞ்சணம் படர்ந்தது. குழந்தைகளுக்கு இருமல், இளைப்பு.

ஆனால், நார்விச் நகரில் ஒரு தெரு இருக்கிறது. அதன் பெயர் கோல்டுஸ்மித் தெரு. ஏறக்குறைய 100 வீடுகள். எல்லாம் நகரசபை கட்டி, வாடகைக்கு விட்ட வீடுகள். அங்கே ஆகும் எரிபொருள் செலவு, சாதாரண வீட்டுச் செலவில் 100-க்கு 30 பங்குதான் என்று மதிப்பிட்டார்கள்!

பிளாஸ்க் மாதிரி

இது என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை.

பிளாஸ்கில் ஊற்றிய காபி மாலை வரை சூடாக இருக்கிறது. பிளாஸ்குக்குக் கீழே அடுப்பா எரிகிறது? உள்ளே இருக்கும் சூடு வெளியே போவதில்லை. அவ்வளவுதான்.

வீட்டையும் அப்படியே கட்டினால் என்ன? இப்படிக் கேட்டவர், ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானி உல்ப்காங் பைஸ்ட். அவர் டார்ம்ஸ்டாட் நகரில் 4 வீடுகளைக் கட்டி, 1991-ல் குடியேறினார். அந்த முறைக்குப் "பாசிவ்ஹவுஸ்" என்று பெயர்.

நார்விச் வீடுகளின் சுவர் 2 அடி கனம். ஜன்னலில் 3 அடுக்குக் கண்ணாடி. சந்து பொந்து எல்லாம் அடைப்பு. வீட்டுக்குள் இருப்பவர்களின் உடம்புச் சூடும் ஓரளவு வேலையைச் செய்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், 100 வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறான்! சமையல் சூடு, வெயில் சூடு வேறு. மீதிக்குத்தான் கணப்பு. 10 அடிக்கு 10 அடி அறை என்றால், ஓர் ஆண்டு முழுவதற்கும் சுமார் 140 யூனிட் சூடு போதும்.

"எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சு முட்டாதா?" என்று நீங்கள் கேட்கலாம். முட்டாது. அதற்கு ஒரு சிறு இயந்திரம் உண்டு. கெட்ட காற்றை அது வெளியே தள்ளும். நல்ல காற்றை உள்ளே இழுக்கும். வெளியே போகும் காற்று, உள்ளே வரும் காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டும் கலப்பதே இல்லை!

தபால் பெட்டி

இங்கிலாந்தில் கதவிலேயே ஓட்டை போட்டுக் கடிதம் போடுவது வழக்கம். அந்த ஓட்டையையும் விடவில்லை! கடிதப் பெட்டியை வெளியே வாசல் முகப்பில் வைத்துவிட்டார்கள்.

வெயிலையும் கணக்குப் பார்த்தார்கள். வீடுகள் தெற்கு பார்த்தவை. முன் வரிசை பின் வரிசைக்கு வெயிலை மறைக்காதபடி, கூரையைத் தாழ்வாகச் சரித்தார்கள். தெருவின் அகலம் 46 அடிதான். கோடை வெயில் உள்ளே விழாமல் இருக்க, ஜன்னலுக்கு மேல் துளையிட்ட தகடு. கொல்லைப்புறத்தில் குழந்தைகள் ஓடி விளையாட ஒரு பொதுச் சந்து.

இந்த வரைபடத்தை 2008-ல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டே உலகெங்கும் பணமுடை. வேலை கிடப்பில் கிடந்தது. பிறகு நகரசபை தானே துணிந்து இறங்கியது. 2019-ல் வேலை முடிந்தது. அந்த ஆண்டே, சிறந்த கட்டிடத்துக்கான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. மாளிகைகளும் மியூசியங்களும் வாங்கும் பரிசு அது. நகரசபை வாடகை வீடுகளுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

விற்கலாமா?

ஒரு சங்கடமும் உண்டு. நகரசபை வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கலாம் என்று 1980-ல் ஒரு சட்டம் வந்தது. லட்சக்கணக்கான வீடுகள் இப்படிக் கைமாறிவிட்டன. வாங்கியவர் பிறகு வேறு யாருக்கும் விற்கலாம். வீட்டுக்காகக் காத்திருக்கும் அடுத்த ஏழைக்கு அது கிடைக்காது. 2024 நவம்பரில் தள்ளுபடித் தொகையை அரசாங்கம் வெகுவாகக் குறைத்தது. கோல்டுஸ்மித் தெரு வீடுகளும் விலைபோய்விடுமோ என்று, பரிசு கிடைத்த நாளிலிருந்தே பலர் கவலைப்பட்டு வந்தார்கள்.